வெள்ளை உறை போட்ட கேபிள்கள்: நான்கு ஆண்டுகளும் ஓர் எஸ்.எம்.பி.எஸ். மாற்றமும்

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் சிறிய கேபினெட்டில் கணினி ஒன்றைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். சென்ற மாதம் வீட்டுக்கு வந்தபோது, பக்கத் தகடு கழற்றிய நிலையில் மேசைமேல் கிடந்த என் கணினியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்த மாதிரி ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியா உறை போட்டு வாங்கினா, குடுக்கிற காசுக்குத் தகுமா?" என்று கேட்டார். அவர் கேட்ட வேளை சரியில்லை. அதற்கு முந்தைய இரண்டு இரவுகளும் அந்தக் கேபிள்களோடுதான் கழிந்திருந்தன. வலக்கைக் கட்டைவிரல் நுனியில் தோல் உரிந்திருந்தது. "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். நான்கு ஆண்டுகள் அன்றாடம் பயன்படுத்திய பொருளை ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட்டது பிறகு உறுத்தியது. ஆகவே அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

என்னுடையது கூலர் மாஸ்டர் என்.ஆர்.200 என்ற கேபினெட், ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளளவு. 170 மி.மீ. சதுரமான மினி ஐ.டி.எக்ஸ். மதர்போர்டும், 125 மி.மீ. அகலமும் 100 மி.மீ. ஆழமும் கொண்ட எஸ்.எஃப்.எக்ஸ். என்ற சிறிய வகை எஸ்.எம்.பி.எஸ்ஸும் (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கேற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி) இதில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருப்பதால், இரண்டையும் இணைக்கும் 24 பின் கேபிள் கடக்க வேண்டிய தூரம் ஒரு சாணும் நாலு விரற்கடையுமே. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் வரும் கேபிள்கள் எவர் வீட்டு எந்தக் கேபினெட்டுக்கும் எட்ட வேண்டும் என்ற கணக்கில் வெட்டப்பட்டவை. மிஞ்சும் நீளத்தைச் சுருட்டி வைக்கப் பெரிய கேபினெட்டில் மதர்போர்டுக்குப் பின்னால் இடம் உண்டு. இதில் அது கிராபிக்ஸ் கார்டுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கும் நடுவே திணிக்கப்பட்டுப் பக்கத் தகட்டை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். முதல் ஆறு மாதமும் நான் தகட்டை முழங்காலால் அழுத்திக்கொண்டுதான் மூடினேன். போதாக்குறைக்கு, அடியில் இருந்த மின்விசிறியின் இறக்கையில் கேபிள் ஒன்று அவ்வப்போது உரசி, இரவில் பல்லி கத்துவதைப் போல ஒரு சத்தத்தை எழுப்பிக்கொண்டிருந்தது.

அதனால்தான் அளவெடுத்துச் செய்து தரும் ஒருவரிடம் போனேன். அவர் தனியொருவராக வீட்டிலிருந்தே இந்த வேலையைச் செய்பவர். ஒவ்வொரு கேபிளும் போகப்போகும் வழியில் தையல்நூலை ஓட்டி, வளைவுகளையும் சேர்த்து அளந்து, மில்லிமீட்டரில் எழுதி அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். எஸ்.எம்.பி.எஸ்ஸின் மாடல் பெயரை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். அவர் அதை ஏன் இரண்டு முறை கேட்டார் என்பது நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. விலை, ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். விலையில் பாதிக்கு வந்தது; கைக்கு வர ஐந்து வாரம் ஆயிற்று.

வந்த பொருளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உறை பாராகார்ட். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பாராசூட்களில் தொங்கு கயிறாக இருந்த அதே நைலான் வகைதான். உள்ளிழைகளை உருவி எறிந்துவிட்டு வெளிக்கூட்டுக்குள் மின்கம்பியை நுழைக்கிறார்கள். கம்பி ஏறிய உறையின் தடிமன் ஏறத்தாழ 4 மி.மீ.; கனெக்டரில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே உள்ள தூரம் 4.2 மி.மீ. யாரோ உட்கார்ந்து திட்டமிட்டதைப் போல இந்த இரண்டு அளவுகளும் ஒத்துப்போவதால், கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் நடுவே சந்து விழாமலும் பாயின் கோரைகளைப் போல வரிசையாகப் படுத்துக்கிடக்கின்றன. கனெக்டரிலிருந்து வெளிவந்த இடத்திலேயே தொண்ணூறு பாகை மடித்தாலும் பாராகார்ட் மடங்கி அங்கேயே நிற்கும். பி.இ.டி. என்ற பிளாஸ்டிக் இழையில் பின்னிய உறை பார்வைக்கு இதைவிடப் பளபளப்பாக இருக்கும் என்றாலும் அது விறைப்பானது. இவ்வளவு குறுகிய வளைவில் எதிர்த்து நிமிரும், பின்னல் விரிந்து உள்ளே இருக்கும் கம்பியின் நிறமும் தெரிந்துவிடும். சிறிய கேபினெட்டுக்குப் பாராகார்டே ஏற்றது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

புதுக் கேபிள்களைப் பொருத்திய அன்று பக்கத் தகடு இரண்டு விரல் அழுத்தத்தில் மூடிக்கொண்டது. பல்லிச் சத்தமும் அன்றோடு நின்றது. வெப்பம் பெருமளவு குறையும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். என் அளவில் கிராபிக்ஸ் கார்டில் இரண்டு டிகிரி குறைந்தது, அதுவும் மின்விசிறியின் வழியை மறித்துக்கொண்டிருந்த சுருள் போனதால்தான். துணி சுற்றினால் கம்பி சூடாகாதா என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு 8 பின் கிராபிக்ஸ் கேபிள் 150 வாட் வரை தர வேண்டும்; அது 12 வோல்ட்டில் 12.5 ஆம்பியர், மூன்று கம்பிகள் பங்கிட்டுக்கொண்டால் ஒன்றுக்கு நாலு ஆம்பியருக்குச் சற்றுக் கூடுதல். இதற்குப் போட்டிருக்கும் 18 கேஜ் கம்பிக்கு அது பெரிய சுமையில்லை. நான்கு ஆண்டுகளில் ஒரு கனெக்டரும் நிறம் மாறவில்லை, கம்பி நுனியில் நெரித்துப் பொருத்திய (கிரிம்ப் செய்த) உலோக முனை, அதாவது டெர்மினல், ஒன்றுகூடத் தளரவில்லை.

வெள்ளை நிறத்தைத் தேர்ந்தெடுத்தது என் குற்றம். வலைப்பின்னல் தகடு போட்ட கேபினெட்டில், சென்னையில், தெருவைப் பார்த்த அறையில் வெள்ளைத் துணியை நான்கு ஆண்டுகள் தொங்கவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. பழைய பல்துலக்கியால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேய்த்தும் இப்போது அது மோர்க்குழம்பின் நிறத்தில் இருக்கிறது. கம்பிகளை வரிசை குலையாமல் பிடித்திருக்க வேண்டிய சீப்புகள் வழுக்கிக் கீழே இறங்குவதும் உண்டு. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது இனிமேல்தான். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் எஸ்.எம்.பி.எஸ். தானாக அணையத் தொடங்கியது. உத்தரவாதக் காலம் மிச்சமிருந்ததால் அனுப்பினேன். பழைய மாடல் தயாரிப்பில் இல்லை என்று, அதே நிறுவனத்தின் புது மாடல் ஒன்றைத் தந்தார்கள். அதிக வாட், விலையும் கூடுதல். வேறொருவராக இருந்தால் மகிழ்ந்திருப்பார். நானும் ஒரு மணி நேரம் மகிழ்ந்தேன். சாக்கெட்கள் அதே உருவம், அதே எண்ணிக்கை. என் வெள்ளைக் கேபிள்களை வைத்தால் தடையில்லாமல் உள்ளே போய்க் கொக்கி விழுகிற சத்தம் கேட்கிறது. எஸ்.எஸ்.டி. போன்ற சேமிப்புக் கருவிகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிளைச் செருகிவிட்டு அடுத்ததை எடுக்கும்போதுதான், மாடல் பெயரை அந்த மனிதர் இரண்டு முறை கேட்டது நினைவுக்கு வந்தது. செருகியதைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரைத் தேடினேன்.

மதர்போர்டின் பக்கம் 24 பின்களில் எது எந்த வோல்ட் என்பதை ஏ.டி.எக்ஸ். என்ற பொது வரையறை நிர்ணயித்திருக்கிறது, எந்த நாட்டில் எந்த நிறுவனம் செய்தாலும் 16ஆவது பின் எஸ்.எம்.பி.எஸ்ஸை இயக்கும் கம்பிதான், 9ஆவது பின் கணினி அணைந்திருக்கும்போதும் வரும் காத்திருப்பு 5 வோல்ட்தான். ஆனால் கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்.எம்.பி.எஸ்ஸின் பக்கம் இருக்கும் சாக்கெட்டைப் பற்றி எந்தப் பொது விதியும் இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே நிறுவனத்தின் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும்கூட மாறும். மாறினால் மாறிவிட்டுப் போகட்டும், தவறான கேபிள் நுழையாதபடி சாக்கெட்டின் உருவத்தையாவது மாற்றியிருக்கலாமே! சதுரமும் முனை மழுங்கிய சதுரமுமாகக் கனெக்டரில் அத்தனை வடிவங்களைச் செதுக்கியிருப்பதே தவறானது தவறான இடத்தில் நுழையக் கூடாது என்பதற்குத்தான். அப்படிச் செதுக்கிவிட்டு, நுழையக் கூடாததும் நுழைகிற மாதிரி விட்டிருப்பதை என்னவென்று சொல்வது?

புது மாடலோடு வந்த கேபிளின் ஒரு முனையில் மல்டிமீட்டரின் ஒரு முள், மறு முனையில் ஒரு முள் என்று வைத்து, 'பீப்' ஒலி கேட்கும் இடத்தைக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். பிறகு என் பழைய கேபிள்களுக்கும் அதையே செய்து இரண்டு காகிதங்களையும் ஒப்பிட்டேன். 8 பின் கேபிள்கள் அப்படியே பொருந்தின. 24 பின்னில் பதினோரு கம்பிகள் இடம் மாறியிருந்தன. சாட்டாவில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் நேர் எதிராக இருந்தன. 5 வோல்ட் எதிர்பார்க்கும் எஸ்.எஸ்.டி.யில் 12 வோல்ட் ஏறினால் அது அந்த நொடியே தீர்ந்தது. அந்த எஸ்.எஸ்.டி.யில்தான் அப்பாவின் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். சுவிட்சைத் தட்டாமல் தப்பித்த அந்தச் சில வினாடிகளை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பெட்டியோடு வந்த கேபிள்களை மாட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முழங்காலால் தகட்டை அழுத்தும் வாழ்க்கைக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை. ஆகவே பழைய கேபிள்களின் கம்பிகளைப் புது மாடலின் வரிசைக்கு இடம் மாற்ற உட்கார்ந்தேன். டெர்மினலின் இரு பக்கமும் பிடித்திருக்கும் சிறு நாக்குகளை உள்ளே அமுக்கினால்தான் கம்பி கழன்று வரும். அதற்குரிய கருவி இல்லாததால் ஸ்டேப்ளர் பின்கள் இரண்டை நிமிர்த்திப் பக்கத்துக்கு ஒன்றாக நுழைத்து இழுத்தேன். கட்டைவிரல் உரிந்த கதை இதுதான். அமுக்கிய நாக்குகளை மறுபடி வெளியே வளைத்துவிடாவிட்டால் புது இடத்தில் டெர்மினல் நிற்காது, தள்ளினால் பின்னுக்கு வந்துவிடும். உறையின் நுனி இளக்கப்பட்டு டெர்மினலின் கழுத்தோடு ஒட்டியிருந்தது. இழுத்த இழுப்பில் நான்கு கம்பிகளில் நுனி பிரிந்து பஞ்சாகிவிட்டது.

எல்லாவற்றையும்விட வதைத்தது நீளம். அளவெடுத்து வெட்டிய கம்பியில் கூடுதல் என்று ஒன்று கிடையாது. கனெக்டரின் ஒரு கோடியில் இருந்த கம்பியை மறு கோடிக்குக் கொண்டுபோனால் மூன்று சென்டிமீட்டர் போதாமல் போகிறது. அந்தக் கம்பி வில்லின் நாணைப் போல விறைத்து நின்று பக்கத்துக் கம்பிகளை நெரிக்கிறது. 3.3 வோல்ட்டுக்கு ஒரே டெர்மினலில் இரண்டு கம்பிகள் சேர்வதும் உண்டு. அதில் ஒன்று, மறு முனையில் வோல்ட் எவ்வளவு குறைந்தது என்று எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குத் திருப்பிச் சொல்லும் உணர்கம்பி. அந்த இரட்டையில் ஒன்றுக்குக் கிழக்கே இடம், மற்றதற்கு மேற்கே. உறை எல்லாம் ஒரே வெள்ளையாக இருப்பதால் எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலத்து எஸ்.எம்.பி.எஸ்ஸில் மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கருப்பு எர்த் என்று குழந்தைக்கும் புரிகிற நிறவரிசை இருந்தது. அழகுக்காக அதைத் துறந்தவன் நான். இப்போதெல்லாம் பெட்டியோடு வரும் கேபிள்களும் பெரும்பாலும் முழுக் கருப்புதான் என்பதால் பழியை முழுவதும் உறையின்மேல் போட முடியாது.

கடைசியில் இரண்டு கம்பிகள் எப்படியும் எட்டவில்லை. மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கம்பியும் டெர்மினலும் வாங்கி, கிரிம்பிங் பிளையரை ஒரு நண்பரிடம் இரவல் பெற்று, புதிதாக இரண்டு செய்தேன். மதர்போர்டில் மாட்டும் முன்பு இயக்கும் பின்னையும் அதற்கு அடுத்த எர்த் பின்னையும் ஒரு காகிதக் கவ்வியால் இணைத்து எஸ்.எம்.பி.எஸ்ஸை ஓடவிட்டு, ஒவ்வொரு பின்னிலும் மல்டிமீட்டரை வைத்து, எல்லாம் ஐந்து சதவிகித எல்லைக்குள் நிற்கின்றனவா என்று மூன்று முறை பார்த்தேன். நின்றன. கணினி அன்றிரவு முதல் பழுதில்லாமல் ஓடுகிறது. மோர்க்குழம்பு நிறக் கம்பிகளுக்கு நடுவே அந்த இரண்டு புதுக் கம்பிகள் மட்டும் கட்டிய பல்லைப் போல வெள்ளை வெளேரென்று தெரிகின்றன.

இதில் கேபிள் செய்தவரின் தவறு ஒன்றுமில்லை. கேட்ட மாடலுக்குக் கேட்ட அளவில் பழுதில்லாமல் செய்து தந்தார். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உடன் வைத்திருந்தால் எனக்கு ஓர் இரவு மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். பழைய கேபிள் பொருந்தாது என்று மாற்று எஸ்.எம்.பி.எஸ்ஸின் பெட்டிமேல் பெரிய எழுத்தில் அச்சிடாதவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். உள்ளே கையேட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. கேபிளைச் செருகிய பிறகுதான் நான் அதைப் படித்தேன்.

சரி, தம்பிக்கு என்ன சொல்வது? பெரிய கேபினெட்டாக இருந்தால், பெட்டியோடு வரும் கேபிளின் நுனியில் மாட்டுகிற நீட்டிப்புக் கேபிள்களை வாங்கச் சொல்லிவிடுவேன். அவற்றின் இரு முனைகளும் வரையறைக்குள் வருவதால் எந்த எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கும் பொருந்தும். சிறிய கேபினெட்டில் அவை இருக்கிற நெருக்கடியை இரட்டிப்பாக்கும். ஆகவே அவர் முன்னால் இருப்பது, அளவெடுத்த கேபிள் அல்லது முழங்கால். உறையின் தரத்துக்கும் பயன்பாட்டுக்கும் என்னைக் கேட்டால் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். ஆனாலும் வாங்காதீர்கள் என்றே அவரிடம் மறுபடியும் சொல்லப்போகிறேன். மீறி வாங்கினால் வெள்ளை வேண்டாம், எஸ்.எம்.பி.எஸ். பக்கத்துப் பின் வரைபடத்தை எழுதி வாங்கிக் கேபினெட்டின் உட்புறத்திலேயே ஒட்டி வைக்கட்டும், ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு விரற்கடை கூட்டிக் கேட்கட்டும். நான் கருப்புப் பாராகார்ட் இருபது மீட்டரும் ஒரு பொட்டலம் டெர்மினலும் வாங்கி வைத்திருக்கிறேன். கிரிம்பிங் பிளையருக்குச் சொந்தக்காரர் ஊரிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறார்.