முட்டையிடும் கோழிக்கு எது நல்லது: கிளிஞ்சலா, கால்சியம் டானிக்கா?

ஓடு கெட்டியாகாமல் தோலோடு மட்டும் வரும் தோல்முட்டை விழத் தொடங்கினால், கொல்லையில் கோழி வளர்ப்பவர்களுக்கு இரண்டு யோசனை சொல்வார்கள். கால்நடை மருந்துக் கடையில் கால்சியம் டானிக். தீவனக் கடையில் கிளிஞ்சல் கிரிட், அதாவது உடைத்த கிளிஞ்சல் துண்டு. சுண்ணாம்புக்கல் தூளைத் தவிட்டில் கலந்து வைப்பவர்களும் உண்டு. மூன்றையும் வைத்துப் பார்த்த பிறகு நான் கிளிஞ்சல் பக்கம்தான் நிற்கிறேன்.

டானிக்கில் வசதி இருக்கிறது. கால்சியத்தோடு பாஸ்பரஸ், வைட்டமின் டி3, பி12 எல்லாம் சேர்ந்தே வரும். ஆனால் ஒரு முட்டையின் ஓட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். பாட்டில் லேபிளைப் படித்தால் அதில் இருப்பது மில்லிகிராம் கணக்கு. போதாததற்கு, மேயும் கோழி நாம் வைத்த தண்ணீரை மட்டுமா குடிக்கிறது? துவைக்கிற கல்லடியில் தேங்கியதைக் குடித்துவிட்டு வந்துவிடும். எது எவ்வளவு குடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

தூள் மலிவு. ஆனால் முட்டை ஓடு உருவாக 20 மணி நேரம் வரை ஆகும். அதில் பெரும்பகுதி இரவில், கோழி பஞ்சாரத்துக்குள் அடைந்து இரை எடுக்காமல் இருக்கும்போது நடக்கிறது. சாயங்காலம் தின்ற தூள் சீக்கிரமே குடலைக் கடந்துவிடும். கிளிஞ்சல் துண்டு அரைவைப்பையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து விடியும்வரை கால்சியம் கொடுத்துக்கொண்டிருக்கும். இரவில் வரத்து நின்றால் கோழி தன் எலும்பிலிருந்து அதிகமாக எடுக்க வேண்டியிருக்கும். அதனால் கிரிட் வாங்கும்போது மாவாக நொறுங்கியதை விட்டு, உடைத்த உளுந்து அளவில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தவிட்டில் கலந்தால் குஞ்சும் சேவலும் அதையே தின்னும். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம். குஞ்சுக்கு 1 சதவீதமே போதும். அதற்கு மேல் தொடர்ந்து போனால் சிறுநீரகம் கெட்டுவிடும். கிளிஞ்சலைத் தனியாக ஒரு மண்சட்டி ஓட்டில் வைத்துவிட்டால் அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. முட்டையிடும் பெட்டைகள் அடைவதற்கு முன் வந்து நின்று பொறுக்கித் தின்னும். அடைக்குப் படுத்தது எழுந்து வந்தாலும் அதை ஏறெடுத்தும் பார்க்காது. குஞ்சுகள் ஒன்றிரண்டு முறை கொத்திவிட்டுப் போய்விடும். மழையில் நனையாத இடமாக இருந்தால் வேறு பராமரிப்பும் இல்லை.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தவறியும் வைக்காதீர்கள், வாயும் தொண்டையும் வெந்துவிடும். வீட்டு முட்டை ஓட்டை வறுத்து நொறுக்கிப் போடலாம். ஆனால் முட்டையை அடைக்கு வைப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் ஓடு எங்கே மிஞ்சுகிறது?

நான் வளர்ப்பது சிறுவிடை என்ற நாட்டுக்கோழி. அது ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்குப் படுத்துவிடும். ஆண்டுக்கு 300 முட்டை இடும் கலப்பினக் கோழிக்குக் கிளிஞ்சலை மட்டும் நம்பச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதற்கு முழு முட்டைக்கோழித் தீவனமே வேண்டும்.

டானிக்கையும் நான் தூக்கிப் போடவில்லை. கத்திரி வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் நாட்களிலும், நோயிலிருந்து தேறும் கோழிக்கும் வைட்டமின் கலந்த தண்ணீர் வைக்கிறேன். காலையில் கலந்ததை அன்று மாலையே கொட்டிவிட வேண்டும். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். மற்ற நாட்களில் வைட்டமின் ஏ-வுக்கு முருங்கைக்கீரையும், டி-க்கு வெயிலும் கொல்லையிலேயே கிடைத்துவிடுகின்றன.