லோடர் போல்ட் மாற்றக் கொடுக்கிறீர்களா? தலையில் உள்ள எண்ணைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்

பாலக்காடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் டிராக்டரில் லோடர் (முன்னால் பக்கெட் வைத்து அள்ளும் கை) மாட்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். உடைந்த போல்ட்டை எடுத்துவிட்டு 10.9 கிரேடு (கூடுதல் பலமுள்ள ரகம்) புது போல்ட் போட்டதாகச் சொல்லி, தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பட்டறையில் என்னிடம் 4,500 ரூபாய் வாங்கினார்கள். போட்டுக் கொடுத்தது எண்ணே இல்லாத சாதா போல்ட். அதையும் மரையில் ஏற்றவில்லை, வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஒரு ஆளின் உயிரே போயிருக்கும்.

எங்கள் தென்னந்தோப்பில் சாணி, நார்க்கழிவு, மட்டை எல்லாம் லோடரில்தான் அள்ளுகிறோம். லோடர் கை நிற்கிற பிராக்கெட்டை கிளட்ச் ஹவுசிங்கோடு (கிளட்சை மூடியிருக்கும் கூடு) பிடித்திருக்கும் 16 எம்எம் போல்ட்டுகளில் ஒன்று முறிந்து, பாதி உள்ளேயே நின்றுவிட்டது. வெளியே வந்த துண்டைப் பார்த்தேன். முறிந்த முகத்தில் முக்கால்வாசி பழுப்பேறிக் கிடந்தது, ஓரத்தில் ஒரு பிறை அளவுதான் பளபளவென்று புது இரும்பு. அதாவது அது ஒரே நாளில் முறிந்ததல்ல. லூசாகி, ஆடி ஆடி, விரிசல் விழுந்து, மிச்சமிருந்த கொஞ்சமும் அன்றைக்குத் தாங்காமல் போயிருக்கிறது. இந்த மாதிரி முறிந்தால் அந்த பிராக்கெட்டில் உள்ள மற்ற போல்ட்டுகளையும் நம்பக் கூடாது, எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பட்டறையில் அதைத்தான் கேட்டேன்.

"அதெல்லாம் வேண்டியதில்லைங்ணா, ஒண்ணு போட்டாப் போதும். கம்பெனி பத்து பாயிண்ட் ஒம்பதுதான் போடுவோம். நீங்க வண்டிய உட்டுட்டுப் போங்க, பொழுதுசாய எடுத்துக்கலாம்" என்றார் அங்கே இருந்தவர். பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி சேரும் என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் 'போல்ட் மாற்றியது' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். பணத்தை ஜிபே-யில்தான் போட்டேன்.

சில நாளிலேயே சாணி அள்ளும்போது பிராக்கெட் பக்கம் 'கடக், கடக்' என்று சத்தம். பக்கெட் நிறைய சாணியோடு மேலே நிற்கிறது, முன்னால் எங்கள் தோட்டத்து ஆள் மட்டை பொறுக்கிக்கொண்டிருக்கிறார். அவரை விலகச் சொல்லிக் கத்திவிட்டு, பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, ஆயில் அழுத்தம் வெளியேற லீவரை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டுத்தான் கிட்டே போனேன்.

அவர்கள் போட்ட போல்ட்டின் தலையில் மட்டும் தடிமனாகக் கறுப்புப் பெயிண்ட். உளியால் சுரண்டினேன். தலை மொழுமொழுவென்று இருந்தது, ஒரு எண்கூட இல்லை. வாஷரைச் சுற்றிக் கிரீஸை அப்பியிருந்தார்கள். துடைத்தால் உள்ளே வெல்டிங் கோடு, அதிலும் நீளமாக விரிசல்.

பாலக்காடு மாவட்டம் சித்தூரில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கழற்றியபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. பழைய துண்டை எடுக்க டிரில் போட்டிருக்கிறார்கள். நடுவில் பஞ்ச் அடித்துக் குழி வைக்காமல் போட்டதால் பிட் ஒரு பக்கமாக ஓடி, ஹவுசிங்கின் மரையையே தின்றிருக்கிறது. மரை போன பிறகு போல்ட் பிடிக்குமா? அதை மறைக்கத்தான் வெல்டிங். ஹவுசிங் வார்ப்பிரும்பு. சாதாரண ராடை வைத்து அதில் வெல்டிங் அடித்தால் பக்கத்திலேயே வெடிப்பு விடும். நல்ல வேளை, என் வண்டியில் அது ஆழமாகப் போகவில்லை.

10.9 என்பது அலங்காரத்துக்குப் போடுகிற எண் அல்ல. முதல் எண் 10 என்றால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ இழுவை தாங்கும் என்று அர்த்தம். 16 எம்எம் போல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 16 டன்னை ஒட்டி வரும். 4.6 ரகச் சாதா போல்ட் ஆறு டன் சொச்சத்திலேயே அறுந்துவிடும். 8.8, 10.9, 12.9 என்று எந்த ஹைடென்சில் (கூடுதல் இழுவை தாங்கும்) போல்ட்டாக இருந்தாலும் தலையில் அந்த எண் இருந்தே ஆக வேண்டும். எண் இல்லாத போல்ட்டை யார் எவ்வளவு சத்தியம் செய்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

லேத் பட்டறைக்காரர் வேலை செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், முறையான வேலை எப்படி இருக்கும் என்று தெரியட்டும். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். உள்ளே இன்னும் மிச்சமிருந்த பழைய துண்டுக்கு ஆயில் விட்டு ஊற வைத்தார். பிறகு அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாகத் துண்டோடு மட்டும் வெல்டிங் பிடித்தார். அந்தச் சூட்டில் துரு விட்டது. ஆறியதும் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து வெளியே கொண்டுவந்தார். தூக்கிப் போடப்போகிற துண்டுக்கு வெல்டிங் வைப்பது தப்பில்லை, புதுப் போல்ட்டுக்கு வைப்பதுதான் தப்பு. கெட்டுப்போன மரையைப் பெரிதாக்கி, ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச்சுருள்) போட்டு அதே 16 எம்எம் அளவுக்குக் கொண்டுவந்தார். பிராக்கெட்டின் எல்லா போல்ட்டையும் மாற்றி, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்கினார். கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுத் திரும்ப ஒருமுறை முறுக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

பழைய பட்டறைக்குப் போய்ப் பணத்தைக் கேட்டேன். "கேரளா வண்டிக்கெல்லாம் கேரண்டி இல்லைங்க" என்று பதில் வந்தது. இதுதான் எனக்கு ஆத்திரம். பார்டர் தாண்டிப் போய்விட்டால் திரும்பி வந்து கேட்க மாட்டான் என்ற தைரியத்தில்தான் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை தமிழ்நாட்டில் இருந்தாலும் நான் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் கமிஷனில் கொடுக்க முடியும். வக்கீல் கட்டாயமில்லை, நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். பில் தர மறுப்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வியாபாரம்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தும் பதிவு செய்யலாம். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, கழற்றிய போல்ட், லேத் பட்டறையில் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிட்டேன். புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சமீபத்தில் அந்த ரோட்டில் லோடர் வேலை செய்தவர்கள், அடுத்த லோடு அள்ளுவதற்கு முன்னால் பிராக்கெட் போல்ட்டின் தலையைச் சுரண்டிப் பாருங்கள். பெயிண்டுக்குக் கீழே எண் இல்லையென்றால் வண்டியை எடுக்காதீர்கள். போட்டோ எடுத்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.