செத்தாலும் கந்தோர்தான்: ‘மாலி அல்மேதா’ நாவல் பற்றி

மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்ட வைப்பார்கள் என்று பெயரெடுத்த ஊர் எங்களுடையது. மட்டக்களப்பானைப் பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்துவது லேசில்லை. 2022 இல் புக்கர் பரிசு பெற்ற, ஷெஹான் கருணாதிலகவின் ‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா’ அதற்கு மெனக்கெடவும் இல்லை. செத்தவனைக் கொண்டுபோய் ஒரு கந்தோரில், அதாவது அலுவலகத்தில், நிறுத்துகிறது.

1990, கொழும்பு. யுத்தப் படங்கள் எடுக்கும் மாலி கண் விழிக்கும்போது செத்துப் போயிருக்கிறான். கொன்றது யாரென்று ஞாபகமில்லை. கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த படங்களை, 1983 ஆம் ஆண்டுத் தமிழர் விரோதக் கலவரப் படங்கள் உட்பட, வெளியே கொண்டுவர ஏழு இரவுகள்தான் தவணை. ஆனால் முதலில் காதைச் சோதிக்க வேண்டுமாம், அதற்கு நாற்பத்திரண்டாம் தளத்துக்குப் போக வேண்டுமாம். சுற்றிவர ஆவிகள் சத்தம் போடுகின்றன. பிரதேச செயலகத்தில் இறப்புப் பதிவுப் பக்கம் வேலை பார்த்தவன் நான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். “கிராம சேவகர் கடிதம் எங்கே?” என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். இதை மாய யதார்த்தம் என்கிறார்கள். மாயம் எந்தப் பக்கம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

நாவலின் உயிர் ஒரு விதியில் இருக்கிறது. ஆவி, தன் உடம்பு போன இடங்களுக்குப் போகலாம். உயிரோடிருக்கும் ஒருவர் அதன் பெயரைச் சொன்னால் அங்கேயும் போகலாம். இதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி மட்டக்களப்பு வந்தாறுமூலை பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள். அவர்களுடைய பெயர்களைத் தாய்மார் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விதிப்படி பார்த்தால் எத்தனை பேர் கச்சேரி (மாவட்டச் செயலக) வாசலுக்கு எத்தனை தரம் வந்து போயிருப்பார்கள்?

ஏழு இரவுக்கு நாவலாசிரியர் வேறு கணக்கு வைத்திருக்கலாம். நமக்கு அது, செத்த எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவுக்கு முந்தின இரவு. பிடித்த கறியெல்லாம் ஆக்கிப் படைத்து அனுப்பிவிடுவோம். உடம்பு கிடைக்காதவருக்கு எந்த நாளிலிருந்து எட்டு எண்ணுவது? 2016 சட்டத்துக்குப் பிறகு, இறப்புச் சான்றிதழ் வேண்டாம் என்பவர்களுக்குக் காணாமல் போனவர் என்று ஒரு சான்றிதழ் கொடுக்கலாம். அதை வாங்கவும் வரிசைதான்.

மாலியின் கழுத்தில் தொங்கும் உடைந்த கெமராவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். கொழும்பின் பேரே வாவியை மட்டும் சொல்ல வேண்டும். சடலங்களை வீசும் அந்தத் தண்ணீரைக் கருணாதிலக உவமையாக்கி மெழுகவில்லை, நாறவே விடுகிறார். அதற்கு ஒரு கும்பிடு. 1989 இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவரும் மனித உரிமைச் செயற்பாட்டாளருமான ராஜினி திரணகமவின் சாயலில் வரும் டொக்டர் ராணி, மறுமையிலும் படிவம் நிரப்பச் சொல்லி ஆவிகளின் பின்னால் அலைகிறார். எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவர்தான்.

குறையும் உண்டு. நடுப்பகுதியில் ஆவிகள் மாறி மாறி நியாயம் பேசி அறுக்கின்றன, ஐம்பது பக்கத்தையாவது குறைத்திருக்கலாம். ‘நீ’ என்று முன்னிலையில் சொல்லப்படும் கதை, பழகும்வரை யாரோ நம்மை விசாரிக்கிற மாதிரி இருக்கும். சாவைப் பற்றி இவ்வளவு பகிடியா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். எங்கள் பக்கத்துச் செத்தவீட்டுப் பந்தலில் இரவு கடதாசி (சீட்டு) விளையாடியவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். மாலியும் சூதாடிதான்.