கச்சேரி, ரேடியோ, செல்போன்: பெங்களூரில் பாட்டு கேட்க எது தேறுகிறது?

பெங்களூரில் கர்நாடக சங்கீதம் கேட்க இருக்கிற வழிகளில் மிக மலிவானது ரேடியோ. காதுக்கு நியாயமாக நடந்துகொள்வதும் அதுதான். மண்டபத்தில் கிடைக்கிற உயிர் அதில் இல்லை, வாஸ்தவம். ஆனால் குரல் எவ்வளவு, வயலின் எவ்வளவு, மிருதங்கம் எவ்வளவு, பின்னால் தம்பூரா எவ்வளவு என்கிற கணக்கு ஆகாசவாணி ஸ்டுடியோவில் இன்னும் ஓரளவு ஒழுங்காகவே இருக்கிறது. மண்டபங்களில் அந்தக் கணக்கு தவறி நாளாயிற்று. வருஷக்கணக்கில் இவை எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் எது எங்கே கெடுகிறது, எதைச் சரிசெய்ய முடியும் என்பதுதான் கீழே இருப்பது.

முதலில் மண்டபம். சத்தம் ஏறுவதற்கு ஆம்ப்ளிஃபயர்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. அது ஒரு சங்கிலி. மிருதங்கத்துக்கு வலந்தலை என்கிற வலப்பக்கத்தில் ஒன்று, தொப்பி என்கிற இடப்பக்கத்தில் ஒன்று என இரண்டு மைக். தொப்பிப் பக்கம் கும் என்று கேட்க வேண்டும் என்பதற்காக அடித்தொனியைக் கூட்டி வைப்பார்கள். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்காது. மேடையில் அவர் முன்னால் இருக்கும் மானிட்டரை ஏற்றச் சொல்லிக் கட்டைவிரலை மேலே காட்டுவார். ஏற்றிய மானிட்டரின் ஒலி அவருடைய மைக்கிலேயே திரும்ப நுழையும். குரல் கலங்கும். கலங்கியதை மறைக்கச் சபைப் பக்கத்து ஸ்பீக்கர் ஏறும். இப்போது வயலின்காரர் கையைத் தூக்குவார். வர்ணம் முடிந்து இரண்டாவது உருப்படி வருவதற்குள் நாலு பேரும் ஒரு சுற்று ஏற்றி முடித்திருப்பார்கள். அதன்பிறகு யாரும் இறக்கச் சொல்வதில்லை.

வயலின் வேறு கதை. ஒட்டுமைக் வைத்தால் வில் உராய்வு முழுக்க மேலே வந்து, தொண்டை கட்டின குரல் மாதிரி ஒலிக்கும். ஸ்டாண்டில் மைக் வைத்தால் நாதம் நன்றாயிருக்கும், ஆனால் பக்கத்து மிருதங்கமும் அதில் விழும். எந்த மண்டபத்திலும் வயலின் சொரசொரவென்று வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், வாசிப்பவர் கை அல்ல.

உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். முன்வரிசையில் கண்ணுக்கு விருந்து உண்டு. காதுக்கு மானிட்டரின் முதுகுதான். மேடையிலிருந்து கடைசி வரிசை வரை உள்ள தூரத்தில் முதல் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவில் உட்காருவது நல்லது. பால்கனி உள்ள எந்த அரங்கிலும் பால்கனிக்கு அடியில் போகவேண்டாம். அங்கே தொப்பி மட்டும் தேங்கி நிற்கும், பாட்டின் சாகித்யம், அதாவது சொல், புரியாது. சௌடையா நினைவு அரங்கில் இந்த விதி ரொம்பப் பொருந்தும். ஏழு தந்தி வயலின் வாசித்த சௌடையாவின் நினைவாக வயலின் வடிவிலேயே 1980ல் திறந்த கட்டிடம் அது. வெளியிலிருந்து பார்க்க அழகு. உள்ளே ஒலி எப்படி என்பது அன்றைக்கு ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் கையில். 1905ல் தொடங்கிய கே.ஆர். ரோடு காயன சமாஜா சங்கீத சபைக்கு நேஷனல் காலேஜ் மெட்ரோவிலிருந்து நடந்தே போகலாம். வண்டி நிறுத்தத் தேடுகிற நேரத்தில் ஒரு கீர்த்தனை போய்விடும் என்பதால் மெட்ரோவே உத்தமம்.

சாமராஜப்பேட்டை ராமநவமிக் கச்சேரிகள் தனி ரகம். 1939ல் ஆரம்பித்த ராமசேவா மண்டலி கோட்டை ஹைஸ்கூல் மைதானத்தில் பந்தல் போட்டு நடத்துவது. பானகம், நீர்மோர், கோசம்பரி, பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்துத் தெருவில் பஸ் ஹாரன். இத்தனைக்கும் நடுவில் ஒரு தோடி ராகம் நிற்கும் பாருங்கள், ஏசி அரங்கில் அப்படி நிற்பதில்லை. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

ஒன்று, மழை. அந்தச் சமயம்தான் ஊரில் கோடை மழை பிடிக்கும். தகரக் கூரைமேல் நாலு துளி விழுந்தாலே ஆலாபனை காணாமல் போகும். கனமழையில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம்கூடத் தோற்கும். காற்றில் ஈரம் ஏறினால் வலந்தலையின் சுருதி இறங்கும். இரண்டு உருப்படிக்கு நடுவே கல்லும் புள்ளு என்கிற மரத்துண்டுமாக மிருதங்கக்காரர் தட்டித் தட்டிச் சேர்ப்பது அதனால்தான். மழை இல்லாத நாளில் எதிர்ப்பிரச்சினை: மேடையில் சுழலும் ஃபேன் தொப்பியில் ஒட்டிய ரவைப் பசையை உலர்த்திவிடும், கும்கி என்கிற அந்தக் கும் நாதம் வறண்டுபோகும். தண்ணீர் தொட்டுத் தடவுவதைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் ஃபேனைத் திருப்பி வைக்கச் சொல்லலாம்.

இரண்டு, நேரம். 2000ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மாலைக் கச்சேரி பத்துக்குள் மங்களம் பாடியாக வேண்டும். நடுவில் சால்வை, மாலை, ஸ்பான்சர் பேச்சு என்று இருபது நிமிஷம் போனால் அந்த இருபது நிமிஷம் ராகம் தானம் பல்லவியிலிருந்துதான் கழியும். மரியாதை செய்வதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கச்சேரிக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாமே.

அரண்மனை மைதானம் மாதிரி இடங்களில் நடக்கும் சினிமா இசை நிகழ்ச்சிகளுக்கு வேறு அளவுகோல். அங்கே சப்வூஃபர் நெஞ்சில் இடிப்பதுதான் விற்பனைப் பொருள். கூடாது என்று சொல்ல மாட்டேன். காதைக் காப்பாற்றிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிலிட அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் 2022ல் நிகழ்ச்சி அரங்குகளுக்குச் சொன்ன உச்சவரம்பும் பதினைந்து நிமிஷ சராசரியில் 100தான். மூன்று மணி நேர நிகழ்ச்சியில் இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

காதுக்கென்று மருந்துக்கடையில் விற்கும் நுரைப்பஞ்சு அடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கவேண்டும். சும்மா திணித்தால் பாதிதான் அடைக்கும். பஞ்சில் உயர் ஒலிகள் அதிகம் வெட்டுப்பட்டுப் பாட்டு போர்வைக்குள் கேட்பது போலிருக்கும். வாத்தியக்காரர்கள் போடும் ஃபில்டர் வைத்த அடைப்பான் 15, 20 டெசிபலை ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், சொற்களும் கேட்கும். டிக்கெட் செலவோடு பார்த்தால் பெரிய விலை இல்லை. டிக்கெட் வகுப்புக்குப் பிளாட்டினம், கோல்டு என்று பெயர் வைத்திருப்பதை நம்பி வாங்காதீர்கள். இருக்கை வரைபடத்தில் மிக்ஸர் மேடை எங்கே என்று பார்த்து, அதற்குப் பக்கத்தில் எந்த வகுப்பு விழுகிறதோ அதை வாங்குங்கள். ஒலிக்காரர் தன் காதுக்கு ஏற்ற மாதிரிதான் சரிசெய்வார்.

இனி ரேடியோ. பெங்களூர் ஆகாசவாணியின் மத்திய அலை 612 கிலோஹெர்ட்ஸ், சாஸ்திரிய இசைக்கான அமிர்தவர்ஷிணி எஃப்எம்மில் 100.1. மத்திய அலையில் கொர்ரென்று வந்தால் ஸ்டேஷனைச் சபிக்குமுன் வீட்டு எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். இரைச்சல் அவற்றின் ஸ்விட்சிங் சர்க்யூட்டிலிருந்து வருவது. ரேடியோவை பேட்டரியில் ஓட்டினால் இன்னும் தெளியும். மத்திய அலைக்கு வெளியே நீட்டும் கம்பி உதவாது. ஆன்டெனா உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் தண்டு. தண்டின் முனை ஒலிபரப்பு நிலையத்தைப் பார்த்தால் ஒலி குறையும், பக்கவாட்டு பார்த்தால் கூடும். ஆகவே செட்டையே மெள்ளத் திருப்பவேண்டும். ஃபிளாட்டில் பக்கத்து வீட்டு இரைச்சலைக் குறைக்கவும் இதே தந்திரம்: நல்ல ஒலிக்காகத் திருப்பாமல், இரைச்சல் எங்கே செத்துப்போகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

எஃப்எம்முக்குக் கம்பி முக்கியம். 100 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். கம்பியை அந்த அளவுக்கு நீட்டி, ஜன்னலோரம் வைத்து, நிமிர்த்தியும் சாய்த்தும் பார்க்கவேண்டும். செட்டில் ஸ்டீரியோ, மோனோ ஸ்விட்ச் இருந்தால் மோனோவில் போடுங்கள். பலவீனமான சிக்னலில் ஸ்டீரியோதான் உஸ்ஸ் என்கிற இரைச்சலைக் கொண்டுவருகிறது. குரல் எப்படியும் நடுவில்தான் வரப்போகிறது, இழப்பு ஒன்றுமில்லை. செல்போன் எஃப்எம்முக்கு ஒயர் உள்ள இயர்போன்தான் ஆன்டெனா. ப்ளூடூத்தில் கேட்பதானாலும் ஒயரைச் செருகியே வைத்திருக்கவேண்டும். பல புதிய போன்களில் அந்த வசதியே இல்லை.

இருபத்துநாலு மணி நேரமும் சாஸ்திரிய இசை வேண்டுமென்றால் 2016 குடியரசு தினத்தில் ஆகாசவாணி தொடங்கிய ராகம் அலைவரிசை. நியூஸ் ஆன் ஏர் செயலியில் கேட்கலாம், ஆனால் நெட் வழியே தம்பூராவின் ஜீவன் கொஞ்சம் கரையும். டிடி ஃப்ரீ டிஷ்ஷில் அதே அலைவரிசை மாதக்கட்டணம் இல்லாமல் வருகிறது, ஒலியும் நிதானம். செட்டாப் பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு கேபிள் இழுத்தால் டிவியையே போடவேண்டாம். தட்டு வைப்பதில்தான் ஃபிளாட்காரர்களுக்குச் சிக்கல். அதை அனுப்பும் ஜிசாட் 15 செயற்கைக்கோள் இருப்பது கிழக்கு 93.5 டிகிரியில். பெங்களூரிலிருந்து அது தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து சுமார் 66 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேல். வடக்கு, மேற்கு பால்கனி உள்ளவர்கள் மொட்டைமாடிதான் கேட்கவேண்டும். தென்கிழக்கு பால்கனி இருந்தாலும் மேல்மாடி ஸ்லாப் மறைக்கும். தட்டு கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் சிக்னல். 60, 65 சென்டிமீட்டர் தட்டு போதும். அடைமழையில் அறுந்துபோகும், அதற்கு மருந்து கிடையாது.

யூடியூப் பற்றிச் சொல்லாமல் தீராது. பழைய கச்சேரிகளின் பொக்கிஷம் அங்கேதான் இருக்கிறது, குப்பையும் அங்கேதான். பெரிய கோளாறு வேகம். டேப்பிலிருந்து ஏற்றும்போது பிளேயர் 6 சதம் வேகமாக ஓடியிருந்தால் சுருதி கிட்டத்தட்ட சரியாக அரைக்கட்டை ஏறிவிடும் (பாடுகிறவரின் சுருதி உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம்). ஒன்றரைக் கட்டைக்காரர் இரண்டு கட்டையில் பாடுவார், காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் வேகமும், துள்ளும். எம்.டி. ராமநாதன் மாதிரி கீழ்ச்சுருதியையும் விளம்பம் என்கிற நிதான காலத்தையுமே அடையாளமாகக் கொண்டவருக்கு இது செய்கிற அநியாயம் சொல்லி மாளாது. கண்டுபிடிப்பது சுலபம்: செல்போன் தம்பூராச் செயலியைப் பக்கத்தில் ஓடவிட்டு எந்தக் கட்டையில் சேர்கிறது என்று பாருங்கள். அவரே பாடிய வேறு இரண்டு மூன்று பதிவோடு ஒத்துப்பாருங்கள். கட்டைக்கும் அரைக்கட்டைக்கும் நடுவில் தொங்கினால் சந்தேகம் பலக்கிறது.

உங்களிடமுள்ள கேசட்டை மாற்றி வைத்த கோப்புகளை ஆடாசிட்டி என்கிற ஒலித்திருத்த மென்பொருளில் திறந்து, வேகத்தை மாற்றும் வசதியில் கழித்தல் 5.6 சதம் கொடுத்தால் அரைக்கட்டை இறங்கும். சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள், காலம் அப்படியே நின்றுவிடும். விஎல்சி பிளேயரில் கேட்டபடியே சோதிக்க வேகத்தை 0.94க்கு வைக்கலாம், ஆனால் அமைப்புகளில் ஒலியை நீட்டும் வசதி டிக் ஆகியிருந்தால் சுருதி இறங்காது. அதை முதலில் எடுத்துவிடவேண்டும்.

பாட்டுச் செயலிகளில் இன்னொரு தொல்லை. ஆலாபனை ஒரு துண்டு, கீர்த்தனை ஒரு துண்டு, தனி ஒரு துண்டு என வெட்டிப் போட்டு, கலைத்துப் போட்டு வாசிப்பதை இயல்பாக வைத்திருப்பார்கள். ராகமாலிகை நடுவில் இடைவெளி விழும். இடைவெளியில்லா இசைப்பும் வரிசை மாறாமையும் அமைப்புகளில் கையால் போடவேண்டியவை. முப்பது நொடித் துண்டுகளைப் பற்றி என்ன சொல்ல? அங்கே துக்கடா என்கிற சின்ன உருப்படியும் தனியின் கடைசித் தீர்மானமும் மட்டும்தான் உயிர்வாழ்கின்றன. ஒரு பைரவி ஆலாபனை முப்பது நொடியில் இன்னும் ஷட்ஜத்தை விட்டே கிளம்பியிருக்காது.

டிவி பாட்டுப் போட்டிகளில் பிள்ளைகள் உண்மையிலேயே நன்றாகப் பாடுகிறார்கள். குறை ஒலிப்பதிவில் இருக்கிறது. குரல்மேல் எக்கோவைக் கொட்டி, பிசிறைத் தேய்த்து, கைதட்டலை வெட்டி ஒட்டி அனுப்பினால் யார் சுருதியில் நின்றார் என்று வீட்டிலிருந்து எப்படித் தெரியும்? நடுவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

டிவி உருப்படியாகச் செய்கிற ஒன்று திருவையாறு. தியாகராஜர் ஆராதனையின் பகுள பஞ்சமி காலையில் பஞ்சரத்ன கோஷ்டி கானம் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் நேரடியாக வருவது வழக்கம். நாட்டையில் ஆரம்பித்து ஸ்ரீராகம் வரை முகங்களைப் பார்த்துக்கொண்டே கேட்பது சுகம். படம் டிவியில், ஒலி ரேடியோவில் என்று கலந்து வைக்க ஆசை வரும். செயற்கைக்கோள் வழியே வரும் டிவி சில நொடி பின்தங்கும், செயலி அதற்கும் பின்னால் வரும், எஃப்எம் முந்திக்கொள்ளும். ரேடியோவில் சரணம் ஆரம்பித்திருக்கும்போது டிவியில் இன்னும் அனுபல்லவிக்கு வாயசைப்பார்கள். ஏதாவது ஒன்றை அணைக்கத்தான் வேண்டும்.