பெருங்காயமா, மாத்திரையா? மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைகளில் உப்புசத்துக்குக் கிடைப்பவை

மளிகைக் கடையில் "சாப்பிட்டா வயிறு உப்புது" என்று சொன்னால் போதும், பெருங்காய டப்பா மேசைக்கு வந்துவிடும். வாங்குவதற்கு முன் டப்பாவைத் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படியுங்கள். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். தனிப் பெருங்காயப் பிசினின் காரம் தாங்காது என்பதால் அதோடு கோந்தும் கோதுமை மாவோ அரிசி மாவோ சேர்த்திருப்பார்கள். குழம்பில் போடும் சிட்டிகைக்கு அந்த மாவு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் செலியாக் நோய் (கோதுமையின் குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர் கோதுமை மாவு சேர்ந்த டப்பாவைத் தொடவே கூடாது. அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, கேட்டு வாங்கலாம்.

உப்பிய பிறகு மோரில் பெருங்காயம் கலக்கிக் குடிப்பது பழைய பழக்கம். பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்த மோரே வினையாகலாம், அதிலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது. பெருங்காயத்தின் உண்மையான பயன் சமையலில்தான். வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. பெருங்குடல் வரை அப்படியே போய், அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்கவைக்கும்போது காற்று உண்டாகிறது. சூடான எண்ணெயில் கால் கரண்டிக்கும் குறைவாகப் பெருங்காயம் பொரித்தால், வெங்காயமும் பூண்டும் இல்லாத குறை நாக்குக்குத் தெரியாது.

பூண்டு வாசனை வேண்டுமென்றால், முழுப் பற்களை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். சாம்பாரில் கொதித்த வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கிவைத்துச் சாப்பிட்டும் வயிறு உப்புவது இதனால்தான். பூண்டு எண்ணெயை அன்றே தீர்த்துவிடுங்கள். வெளியே பாட்டிலில் வைத்தால் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி அதில் வளரலாம்.

ஓமம்: மலிவு, வாசம், ஒரு ஆறுதல். ஒரு தேக்கரண்டியை இரண்டு கப் தண்ணீரில் பாதியாக வற்றவைத்துக் குடிக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வயிற்றில் தடவும் மின்யாக் ஆங்கின் தைலமும் அப்படித்தான். சூடு இதமாக இருக்கும், குடலுக்குள் இருக்கும் காற்றை அது ஒன்றும் செய்யாது.

மருந்துக் கடைக்குப் போனால் முதலில் கையில் தருவது சிமெத்திகோன். சாப்பிட்ட பிறகு மென்று விழுங்க வேண்டும். சின்னக் குமிழிகளைச் சேர்த்துப் பெரிதாக்கும், அவை ஏப்பமாகவோ கீழ்வழியாகவோ போகும். காற்று உண்டாவதையே அது தடுக்காது. அவசரத்துக்குப் பரவாயில்லை, தினமும் உப்புகிறவருக்குப் பணம்தான் செலவு. தண்ணீரில் நுரைக்கும் உப்பு அதைவிட மோசமான தேர்வு. நெஞ்செரிச்சலுக்குச் சரி, ஆனால் அது வயிற்றுக்குள் காற்றைச் சேர்க்கிறது. சோடியமும் அதிகம், ரத்த அழுத்தக்காரர் தவிர்க்கலாம். கரி மாத்திரை மற்ற மருந்துகளையும் சேர்த்து உறிஞ்சிவிடும், குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

காசு கொடுத்து வாங்கத் தக்கவை நொதி மாத்திரைகள்தான், ஆள் பார்த்து அல்ல, சாப்பாடு பார்த்து வாங்கினால். பருப்பு, கொண்டைக்கடலைக்கு ஆல்ஃபா கேலக்டோசிடேஸ். பாலுக்கு லாக்டேஸ். இரண்டையும் முதல் கவளத்தோடு அல்லது முதல் மிடறோடு விழுங்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுவிட்டு "வேலை செய்யலை" என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை. லாக்டேஸை உடைத்துச் சூடான தே தாரிக்கில் (பால் தேநீர்) கலக்கினால் சூட்டில் நொதி கெட்டுவிடும். ஃப்ரக்டானுக்கு இவை இரண்டும் உதவாது. நீரிழிவுக்கு அகார்போஸ் எடுப்பவர், மருந்தாளரைக் கேட்காமல் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் வாங்க வேண்டாம்.

இப்போது பசியாற உட்காரும் தட்டைப் பாருங்கள்: ரொட்டி சானாய், பருப்புக் கறி, தே தாரிக். கோதுமை, பருப்பு, பால் மூன்றும் ஒரே மேசையில். பெரட்டு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து, காலையெல்லாம் செம்பனைக் காட்டில் நின்றுவிட்டு ஐந்து நிமிடத்தில் அள்ளிப் போட்டால் விழுங்கிய காற்றும் சேர்கிறது. எது வினை என்பதை நேரம் காட்டிக்கொடுக்கும். மேசையை விட்டு எழும்போதே உப்பினால் வேகமும் அளவும் காரணம். அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் என்றால் பால் மேல் சந்தேகம். மதியம் தாண்டி உப்பினால் ரொட்டியும் பருப்பும். கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழி போடுவதுதான் பலரும் செய்யும் தப்பு.

மெல்பர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த ஃபாட்மேப் முறையும் (குடலில் புளித்துக் காற்றாகும் சர்க்கரைகளைக் குறைக்கும் உணவு முறை) இதே வழிதான். சந்தேகத்துக்குரியவற்றை இரண்டு முதல் ஆறு வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாக, மூன்று நாளில் அளவைக் கூட்டித் திரும்பச் சேர்ப்பது. நிறுத்தியதோடு நின்றுவிடக் கூடாது, நல்ல நார்ச்சத்தும் போய்விடும். பருப்பை அடியோடு விடவும் தேவையில்லை. கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். காற்றை உண்டாக்கும் சர்க்கரையில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போகும். நன்றாகப் புளித்த தோசை மாவிலும் அது குறைந்திருக்கும். நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் தொடங்கிய வாரத்தில் உப்புசம் வந்தால் சாம்பாரைத் திட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தை) விற்கும் வாயு சூரணங்களில் MAL என்ற மலேசிய மருந்துப் பதிவு எண்ணைத் தேடுங்கள்: எம், ஏ, எல் எழுத்துகள், எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. அது T என்றால் பாரம்பரிய மருந்து. அந்த எண் இல்லாத பாட்டில் என்ன சொல்லி விற்றாலும் வேண்டாம்.

எடை குறைவு, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாக வந்து விடாத உப்புசம் (பெண்கள் குறிப்பாக) இருந்தால் கடைகளை விட்டுவிட்டு கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார மருத்துவகம்) போங்கள், குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். செலியாக் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை முடியும்வரை ரொட்டியை நிறுத்த வேண்டாம். நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.