டேப்லெட் திரையும் 500 மில்லிஆம்பியரும்

பழைய டேப்லெட்டை, கிளிப்பர் மென்பொருளில் ஓடும் 3டி பிரிண்டருக்கு வயர் வழித் திரையாக மாட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தொடுதிரையில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. 7 அங்குலத்தில் பெட் மெஷ் படம் (பிரிண்ட் தட்டின் மேடுபள்ளம்) தெளிவாகத் தெரியும், முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைத் திருத்தும் இசட் ஆஃப்செட் பட்டன் பெருவிரலிலும் தவறாமல் படும். என் கோபமெல்லாம் சார்ஜ் மேல்தான்.

அமைப்பது எளிது. டேப்லெட்டில் யூஎஸ்பி டீபக்கிங், அதைத் திரையாக்கும் எக்ஸ் சர்வரான எக்ஸ்எஸ்டிஎல் ஆப்; கிளிப்பர் ஓடும் குட்டிக் கம்ப்யூட்டரான ராஸ்பெரி பையில், ஆண்ட்ராய்டோடு வயரில் பேசும் ஏடிபி. பையின் 6100 போர்ட்டை டேப்லெட்டின் 6000-க்கு ஃபார்வர்டு செய்து, தொடுதிரை மெனுவைக் காட்டும் கிளிப்பர்ஸ்கிரீனுக்கு டிஸ்ப்ளே எண் 100 கொடுக்க வேண்டும். கிளிப்பர்ஸ்கிரீன் 6000-உடன் டிஸ்ப்ளே எண்ணைக் கூட்டித்தான் எக்ஸ் சர்வரின் போர்ட்டைத் தேடும், அதனால்தான் 100. ஏடிபியை சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகி உரிமையில், ஓட்டாதீர்கள். ரூட்டின் சாவி வேறு, சர்வீஸ் ஓடும் யூசரின் சாவி வேறு. "எப்போதும் அனுமதி" கொடுத்த பிறகும் 'அன்ஆதரைஸ்டு' வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். புதிய ஆண்ட்ராய்டில், 7 நாள் இணைப்பு இல்லாவிட்டால் அனுமதியே காலாவதியாகும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அந்தக் கெடுவை நிறுத்திவிடுங்கள்.

இனி சார்ஜ். டேட்டா வயர் பையோடு பேசும்போது, அதைச் சாதாரண கம்ப்யூட்டர் போர்ட் என்று எடுத்துக்கொண்டு டேப்லெட் 500 மில்லிஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 5 வோல்ட்டில் அது 2.5 வாட். திரை முழு வெளிச்சத்தில் எரிந்தால் பல டேப்லெட்டுகளுக்கு அது போதாது. சார்ஜ் குறி காட்டிக்கொண்டே சதவீதம் இறங்கும், நீண்ட பிரிண்ட்டின் நடுவே திரை அணையும். டேட்டாவையும் மின்சாரத்தையும் தனித்தனியே எடுக்கும் ஒய் கேபிளில் 3 ஆம்பியர் அடாப்டரைச் செருகினாலும் பலன் இருக்காது. சப்ளை எவ்வளவு தர முடியும் என்பது இங்கே கணக்கே இல்லை. டேட்டா வயரில் கண்டதை வைத்து டேப்லெட்தான் அளவை முடிவு செய்கிறது.

வழி இரண்டு. வெளிச்சத்தை 25 சதவீதத்துக்குக் குறைத்து, ஏரோபிளேன் மோடு போட்டு, 10 நிமிடத்தில் திரை அணையும்படி வைத்து, ஏடிபியில் 'டம்ப்சிஸ் பேட்டரி' கொடுத்து அளவு இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், டேட்டாவோடு 1.5 ஆம்பியர் தரும் சிடிபி வகை பவர்டு ஹப் (தனி அடாப்டர் உள்ளது) வேண்டும். ஹப்பை மாட்டியதும், சோதனைக்காக ஒருமுறை பையின் சப்ளையைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் பையின் சிவப்பு விளக்கு மினுங்கினால், ஹப் தலைகீழாக மின்சாரம் ஏற்றுகிறது. அது வேண்டாம்.

ஹப் வைத்தாலும் நிம்மதி இல்லை. சூடான பெட் பக்கத்தில், இரவும் பகலும் 100 சதவீதத்திலேயே நிற்கும் லித்தியம் பேட்டரி உப்பிவிடலாம். கண்ணாடி விளிம்பில் நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால், அன்றே கழற்றுங்கள்.

திரை அணைந்தாலும் பிரிண்ட் நிற்காது. கிளிப்பர் பையில்தான் ஓடுகிறது. ஆனால் எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனும் அந்தத் திரையோடு போய்விடும், ஆகவே மெயின் சுவிட்ச் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இவ்வளவு நல்ல தொடுதிரை என்று சொல்லியும், இதற்கென்று டேப்லெட் வாங்காதீர்கள் என்பேன். பையோடு நேராக இணையும், பேட்டரியே இல்லாத டிஎஸ்ஐ திரையை வாங்குங்கள். டேப்லெட் சும்மா கிடக்கிறதென்றால் மட்டும் மாட்டுங்கள்.