மீட்டர் எதுவானாலும் சரி, ஸ்ட்ரிப்பைப் பற்றிச் சொல்கிறேன்

வீட்டில் சுகர் பார்க்க எந்த குளுக்கோமீட்டர் வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பதிலை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் மீட்டரில் செருகி ரத்தத் துளியைத் தொட வைக்கும் ஸ்ட்ரிப் மேல் இருக்கிற எரிச்சல் ஒரு வரியில் அடங்காது.

முதலில் அந்த ஒரு வரி: உங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் எந்த ஸ்ட்ரிப் சீக்கிரம் விற்றுத் தீர்கிறதோ, அந்த மீட்டரை வாங்குங்கள். ஐஎஸ்ஓ 15197 (மீட்டரின் துல்லியத்துக்கான சர்வதேசத் தரவிதி) என்று பெட்டியில் இருக்கிறதா, திரையில் எண் பெரிதாகத் தெரிகிறதா, பேட்டரி பக்கத்துக் கடையில் கிடைக்கிறதா, இவ்வளவு பார்த்தால் போதும். புளூடூத், ஆப், ஆயிரம் ரீடிங் மெமரி எல்லாம் முதல் வாரத்தோடு சரி. மீட்டரை ஸ்ட்ரிப்போடு சேர்த்து இலவசமாகவே தள்ளிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த மீட்டர் உயிரோடு இருக்கும்வரை அதே கம்பெனி ஸ்ட்ரிப்பைத்தான் வாங்கியாக வேண்டும். ஒன்று 15 ரூபாயிலிருந்து 25 ரூபாய் வரை. விற்காத பிராண்டாக இருந்தால் எக்ஸ்பைரிக்கு இரண்டு மாதம் இருக்கும் டப்பாதான் கைக்கு வரும்.

இனி எரிச்சல். ரத்தம் ஒரு துளி குறைந்தால் மீட்டர் எர்ரர் காட்டும், ஸ்ட்ரிப் குப்பைக்குப் போகும். சில பிராண்டுகளில் சில விநாடிக்குள் இன்னொரு துளி சேர்க்கலாம், பலவற்றில் முடியாது. துளியை ஸ்ட்ரிப்பின் மேலே தடவினால் பிரயோஜனமில்லை. நுனியைத் துளியில் தொட வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். இதைக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் டப்பாவில் பாதி இதிலேயே போய்விடும்.

டப்பாவின் மேல் இன்னொரு வேடிக்கை அச்சாகியிருக்கிறது: 30 டிகிரிக்குக் கீழே, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும். எழுதியவர்கள் சென்னைக்கு வந்ததில்லை போலிருக்கிறது. மே மாதம் ராத்திரி பத்து மணிக்கே ஹாலில் 32 இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அப்பளம் கூட டப்பாவுக்குள் நமத்துப்போகும். ஸ்ட்ரிப்பில் இருப்பது ஒரு என்சைம். ஈரம் பட்டால் அது கெடும், கெட்டால் ரீடிங் ஏறியும் காட்டும், இறங்கியும் காட்டும், எர்ரரும் வராது. டப்பா மூடியிலேயே ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. அதனால் ஸ்ட்ரிப்பை எடுத்த அடுத்த நொடி மூட வேண்டும். விரலைக் குத்திவிட்டு வந்து மூடலாம் என்று விடக்கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும்போது உள்ளே வியர்க்கும். ஸ்கூட்டர் டிக்கி கூடவே கூடாது. படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டுதான் இருப்பதில் உருப்படியான இடம். சில பிராண்டுகளை டப்பா திறந்து மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. திறந்த தேதியைப் பேனாவால் டப்பாவிலேயே எழுதிவிடுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். மாம்பழம் வெட்டிய கையோடு பார்த்தால் மாம்பழத்தின் சுகர்தான் தெரியும். ஸ்பிரிட் போட்டால் நன்றாகக் காய வேண்டும். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் மாறும். கையைத் தொங்கவிட்டு அரை நிமிஷம் உதறினாலே வந்துவிடும். குத்தும் ஊசியான லான்செட்டை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தினால் முனை மழுங்கி வலிக்கும். பயன்படுத்தியதைக் குப்பையில் அப்படியே போட்டால் தூய்மைப் பணியாளர் கையில் ஏறும். மூடி இறுகும் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து வையுங்கள்.

நியாயமாகவும் பேச வேண்டும். மீட்டருக்கும் லேபுக்கும் எண் ஒத்துப்போகவில்லை என்று திட்டுபவர்களில் பாதிப் பேர் ஒப்பிடும் முறையே தப்பு. 100க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரை, 100க்குக் கீழே என்றால் 15 மி.கி. வரை முன்னே பின்னே இருக்கலாம் என்பதைத் தரவிதியே அனுமதிக்கிறது. லேபில் 140 என்றால் மீட்டர் 119 காட்டினாலும் பாஸ், 161 காட்டினாலும் பாஸ். லேப் எடுப்பது சிரை ரத்தநாளத்தில், மீட்டர் எடுப்பது விரலில். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சுகர் 20, 30 கூடுதலாகவே இருக்கும். ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் வெறும் வயிற்றில், லேபில் ஊசி குத்திய ஐந்து நிமிஷத்துக்குள் அங்கேயே உட்கார்ந்து விரலையும் குத்திப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை போதும்.

ஆனால் மீட்டரின் பெரிய குறை எண்ணில் இல்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அது சொல்லாது. தினமும் காலையில் எழுந்து ஒரு ஃபாஸ்டிங் பார்ப்பது, 128 என்றால் சந்தோஷப்படுவது, 151 என்றால் அன்றைக்கு இட்லியில் ஒன்றைக் குறைப்பது: நம்மில் பலர் வீட்டில் நடப்பது இதுதான். மாதம் முப்பது ஸ்ட்ரிப் காலி, தெரிந்துகொண்டது ஒரே வேளையைப் பற்றி.

இந்த இடத்தில்தான் குடும்ப டாக்டர் காசைக் காப்பாற்றுகிறார். சாயங்காலம் கிளினிக், டோக்கன், பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் பதினாலு பேர் என்று இருக்கும் அதே வகை டாக்டர்தான். ஸ்ட்ரிப்பைக் குறைக்கச் சொன்னது அவர். ஜோடி ஜோடியாகப் பார் என்பது அவர் முறை. திங்கள்கிழமை காலை டிபனுக்கு முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒன்று. புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அதே மாதிரி. வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு. வாரத்துக்கு ஆறு ஸ்ட்ரிப். ஐம்பது ஸ்ட்ரிப் உள்ள டப்பா எட்டு வாரம் தாங்கும், திறந்து மூன்று மாதம் என்ற கெடுவுக்குள் தீர்ந்தும் விடும். நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் சாப்பிட்டதை மூன்று சொல்லில் எழுத வேண்டும்: மூணு இட்லி, சாம்பார். அல்லது ராகிக் கஞ்சி ஒரு டம்ளர். (ராகி நல்லதுதான், கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சுகர் சட்டென்று ஏறும். நோட்டு இதை நான்கு வாரத்தில் காட்டிக்கொடுக்கும்.)

அவர் நோட்டைப் படிக்கும் விதம் எளிது. முன் 110, பின் 220 என்றால் கோளாறு தட்டில். முன் 155, பின் 195 என்றால் ஏற்றம் 40தான், தட்டைத் திட்டிப் பயனில்லை, முந்தின ராத்திரியையும் மாத்திரையையும் பார்க்க வேண்டும். 195, 220 இரண்டும் அதிகம்தான், ஆனால் பதில் வேறு வேறு. வெறும் ஃபாஸ்டிங்கை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேறு வேறு டாக்டரிடம் போனால், அவர் பார்ப்பது அன்றைய லேப் ரிப்போர்ட்டை மட்டும். நீரிழிவுக்கென்று ஸ்டான்லியில் 1948லேயே தனிப் பிரிவு தொடங்கிய ஊர் இது. ஸ்பெஷலிஸ்டுக்குப் பஞ்சமில்லை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டுகிறவருக்குத்தான் பஞ்சம்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எச்பிஏ1சி 7 என்றால் சராசரி சுகர் ஏறத்தாழ 154, 8 என்றால் 183. வீட்டு நோட்டு நன்றாக இருக்க ரிப்போர்ட் மட்டும் எகிறினால், டோஸை ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்வார். இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டலாம். ரத்தசோகையில் மீட்டரும் ஏற்றிக் காட்டும் என்பது இன்னொரு தலைவலி. லேபில் சாப்பிட்ட பின் ரத்தம் கொடுக்கிற நாளில் வழக்கமான மாத்திரையைப் போடாமல் போகிறவர்கள் ஏராளம். மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தானே அந்த டெஸ்ட்! மெட்ஃபார்மின் வருஷக்கணக்காகப் போடுபவர்களுக்கு பி12, எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு முறை சிறுநீரில் ஆல்புமின், கிரியேட்டினின், கண்பாவை விரித்துப் பார்க்கும் கண் பரிசோதனை, காலில் உணர்ச்சிப் பரிசோதனை. இதெல்லாம் லேப் பேக்கேஜ் விளம்பரத்தில் முழுசாக இருக்காது, இருக்கிற பாதி தேவைப்படாது.

மாத்திரையில் ஒரு ஆபத்து உண்டு, மெடிக்கல் ஷாப்பில் நடப்பது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரைகளில் பெயருக்குப் பின்னால் 1, 2, ஃபோர்ட் என்று வால் இருக்கும். ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான் என்று 1க்குப் பதில் 2 கொடுத்தால் கிளிமிபிரைடு இரட்டிப்பாகிறது. மதியம் சாப்பாடு தள்ளிப்போன நாளில் சுகர் அளவுக்கு மீறி இறங்கிக் கை நடுங்கும், வியர்க்கும். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் தண்ணீரில், பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி ஒரு ஸ்ட்ரிப். அந்த நேரத்தில் ஸ்ட்ரிப் எர்ரர் காட்டினால் வரும் கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. நடுக்கம் இருந்தால் எண்ணுக்குக் காத்திருக்காமல் குளுக்கோஸைக் குடித்துவிடுவதே சரி.

குடும்ப டாக்டரிடமும் குறை இல்லாமல் இல்லை. வாட்ஸ்அப்பில் ரீடிங் அனுப்பினால் பதில் வராது, நோட்டோடு வா என்பார். வெள்ளி, சனி மாலையில் இரண்டு மணி நேரம் போய்விடும். கண்ணுக்கு வேறு இடம், சிறுநீரகத்தில் சந்தேகம் என்றால் வேறு இடம் என்று சீட்டு எழுதுவார். ஆனால் தோள்வலிக்கு எலும்பு டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளைக்குச் சுகர் ஏறும், பதறி மாத்திரையைக் கூட்டாதே என்று முன்கூட்டியே சொல்பவரும், வாந்தி பேதி வந்தால் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று நோட்டின் பின்னட்டையில் எழுதித் தருபவரும் அவர்தான்.

விலை விஷயம். சுகர் மாத்திரையான எம்பாக்லிஃப்ளோசின் பேட்டென்ட் 2025 மார்ச்சில் முடிந்ததும் அதன் விலை மளமளவென்று சரிந்தது. அதற்கு முன் சிட்டாக்லிப்டின், டாபாக்லிஃப்ளோசினும் அப்படியே. முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் என்று குறைந்த விலைக் கடைகளும் இருக்கின்றன. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை இத்தனை இறங்கியும் இந்த ஸ்ட்ரிப் மட்டும் அந்த அளவுக்கு இறங்கவில்லை. கையில் ஒட்டும் சென்சார் பதினாலு நாள் குத்தாமல் காட்டும், நிஜமாகவே நல்ல கருவி, ஆனால் ஒன்றுக்குச் சில ஆயிரம், அக்னி நட்சத்திர வியர்வையில் ஒட்டும் நிற்காது. மாத்திரை மாற்றும் சமயத்தில் டாக்டர் சொன்னால் ஒரு முறை போடலாம்.

மீட்டருக்கு ஐந்துக்கு மூன்று. ஸ்ட்ரிப்புக்கு ஒன்று, அதுவும் சிறு டப்பா விற்பதற்காக. இருந்தாலும் நண்பரே, வாங்கிவிடுங்கள். முதலில் 25 ஸ்ட்ரிப் உள்ள டப்பா, எக்ஸ்பைரி ஒரு வருஷமாவது தள்ளி இருக்கட்டும். அதற்கும் முன்னால் டாக்டரிடம் போய், எந்த வேளைக்குப் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.